தம்பியின் குணம், இரண்டு மதிப்பெண்

"நல்லவ மிஸ்!" என்று முப்பத்திரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் கத்தியதும் நான் சாக்பீஸை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்று காலை முதல் அது மூன்றாவது கதை. முதல் கதையில் நண்பனின் பென்சிலை ஒளித்துவைத்த பையன் கெட்டவன். இரண்டாவதில் கடைசி பிஸ்கட்டைத் தங்கைக்குக் கொடுத்தவன் நல்லவன். மூன்றாவதில் கொட்டும் மழையில் பக்கத்து வீட்டுக்காரரின் கடிதத்தை நனையாமல் கொண்டுபோய்ச் சேர்த்த பெண் நல்லவள். பொறுப்பானவள் என்று சொல்லலாம், துணிச்சல்காரி என்று சொல்லலாம், மழையில் நனைய ஒரு சாக்கு தேடினாள் என்றுகூடச் சொல்லலாம். பின்சுவர் முழுக்க இருபத்து நான்கு குணச்சொற்களைக் கலர் அட்டையில் வெட்டி ஒட்டிவைத்திருந்தேன். ஒரு பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு துண்டுச் சீட்டில் 'நல்ல' என்றும் இன்னொன்றில் 'கெட்ட' என்றும் எழுதி, பழைய ஜாமெட்ரி பெட்டிக்குள் போட்டு மூடி, பெட்டியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

"இன்னையிலேர்ந்து இந்த ரெண்டு வார்த்தையும் ஜெயில்ல இருக்கு. யாரும் சொல்லக் கூடாது."

"எவ்ளோ நாள் மிஸ்?"

"பரீட்சை முடியற வரைக்கும்."

"ஜாமீன் கிடைக்காதா மிஸ்?" என்று கடைசி வரிசையிலிருந்து வக்கீல் வீட்டுப் பெண் கேட்டாள். வகுப்பே சிரித்தது. மறுநாள் புதுக் கதை ஒன்றைப் படித்துக் காட்டி, "இவன் எப்படிப்பட்டவன்?" என்று கேட்டேன். இரண்டு மூன்று பேர் பூட்டிய அலமாரியைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒருவன் மெல்ல எழுந்து, "சூப்பரானவன் மிஸ்" என்றான்.

நான் மூன்றாம் வகுப்பு 'ஏ' பிரிவின் ஆசிரியை. எட்டு வயதுப் பிள்ளைகள். கதையில் வருகிறவர் எப்படிப்பட்டவர் என்று ஒரு சொல்லில் சொல்ல வேண்டும், அதற்குச் சாட்சியாகக் கதையிலிருந்தே ஒரு வரியை எடுத்து எழுத வேண்டும். பாடம் இவ்வளவுதான். சாட்சி இல்லாமல் யாரைப் பற்றியும் ஒன்றும் சொல்லக் கூடாது என்று பத்து நாளாகத் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தேன். பத்து நாளில் கிடைத்தது 'சூப்பரானவன்'.

இதில் எனக்குக் கூடுதலாக ஒரு எரிச்சல் உண்டு. எங்கள் வீட்டில் யாரும் சாட்சி கேட்பதில்லை. கல்யாணமாகி வந்த ஆறு மாதத்துக்குள் ஆளுக்கொரு சொல் முடிவாகிவிட்டது. என் வீட்டுக்காரர் தங்கமானவர், இருக்கிற இடம் தெரியாது. அவருடைய அக்கா கண்டிப்பானவர், மனசு மட்டும் பூ. நான் அலட்சியக்காரி. ஒருமுறை பாலைப் பொங்கவிட்டேன், ஒருமுறை சாவியைத் தொலைத்தேன். ஏழு வருடத்துக்கு அது போதுமாக இருந்தது.

அந்த அக்காதான், என் நாத்தனார்தான், எங்கள் பள்ளியின் தலைமை ஆசிரியை. மாடியில் அவர், கீழே நாங்கள். அம்மா போன பிறகு பத்து வயதுத் தம்பியை வளர்த்தெடுத்தவர். தனக்கென்று ஒரு கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர். அவருக்கு ஒரு சட்டம் உண்டு: வீட்டைப் பள்ளிக்குக் கொண்டுவரக் கூடாது, பள்ளியை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. பள்ளி வாசல்படி தாண்டினால் நான் அவருக்கு 'டீச்சர்', அவர் எனக்கு 'மேடம்'. வீட்டுக்குள் நுழைந்ததும் 'அண்ணி'. சட்டம் நல்ல சட்டம்தான். என் பாடக்குறிப்பில் இருந்த பிழையைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லும்போது மட்டும் அது அவருக்கு மறந்துபோகும்.

பரீட்சைக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் எல்லோரும் வெளியே போய்விட்டுத் திரும்பும்போது மாடிக் குழாய் திறந்து கிடந்தது. காலையில் தண்ணீர் வராமல் நின்றிருந்தது. யாரோ திறந்துபார்த்துவிட்டு மூடாமல் போயிருக்கிறார்கள். பிறகு வந்த தண்ணீர் நாத்தனாரின் அறைக்குள் புகுந்து, கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியை ஊறவைத்துவிட்டது. பெட்டிக்குள் அவர்கள் அம்மாவின் புகைப்பட ஆல்பம். நாத்தனார் ஒவ்வொரு படமாகப் பிரித்துத் துணிமேல் வைத்தார். எல்லாவற்றிலும் புடவை தெரிந்தது, கை தெரிந்தது, முகம் இருந்த இடத்தில் மட்டும் வெள்ளையாகக் கரைந்து கிடந்தது. அன்று அவருடைய கல்லூரித் தோழிகள் இரண்டு பேர் சாப்பிட வந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் என்னைப் பார்த்துச் சொன்னார்: "சில பேருக்குப் பிறவியிலேயே அலட்சியம்மா. சொல்லித் திருத்த முடியாது."

நான் குழாயைத் தொடவே இல்லை. தொட்டது யார் என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது. மூடப் போனபோது கைப்பிடியில் கறுப்பாகக் கிரீஸ் ஒட்டியிருந்தது. என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவர் தொட்ட கதவு, தம்ளர், ஸ்விட்ச் எல்லாவற்றிலும் அந்தக் கையெழுத்து இருக்கும். சாப்பாட்டு மேசையில் அவர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். இப்போது சொல்வார், இதோ சொல்லப்போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் தண்ணீர் கேட்டார். அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் எல்லோரும் படுத்த பிறகு நான் பரீட்சைக்கான கதையை எழுத உட்கார்ந்தேன். இரண்டு பிரிவுக்கும் அந்த முறை கதையும் கேள்வியும் விடைக்குறிப்பும் நான்தான் தயார்செய்ய வேண்டும். ஒரே மூச்சில் எழுதினேன். ஓர் அக்கா, ஒரு தம்பி, பக்கத்து வீட்டுத் தோழி. அக்கா ஆசையாக வளர்த்த ரோஜாத் தொட்டியைப் பூனை தள்ளி உடைத்துவிடுகிறது. தம்பி அதைப் பார்க்கிறான். அக்கா வந்து, 'நீதான் உடைத்தாய்' என்று தோழியைத் திட்டுகிறாள். 'தம்பி ஒரு வார்த்தையும் பேசவில்லை. சட்டையின் மேல் பொத்தானைத் திருகிக்கொண்டே ஜன்னல் பக்கம் பார்த்தான். தோழி அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள்.' ஏழாவது கேள்வி: தம்பி எப்படிப்பட்டவன்? சாட்சி தருக. இரண்டு மதிப்பெண். விடைக்குறிப்பில் எழுதினேன்: அக்கறை இல்லாதவன். சாட்சி, ஒரு வார்த்தையும் பேசவில்லை. எழுதி முடித்ததும் மனசுக்குள் யாரையோ நன்றாகத் திட்டி முடித்த திருப்தி. மறுநாளே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

எங்கள் பள்ளியில் விடைத்தாள்களை மாற்றித் திருத்துவது வழக்கம். என் பிள்ளைகளின் தாளை 'பி' பிரிவு வாத்தியார் திருத்துவார், அவருடையதை நான். அவருக்கு ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. சிவப்பு மைப் பேனாவைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டே கல்யாண வீட்டுக்கும் போகிறவர். திருத்திய கட்டு திரும்பி வந்ததும் கூட்டலைச் சரிபார்க்கும்போது ஒரு தாளில் கை நின்றது. இருபத்தைந்துக்குப் பதினொன்று. பன்னிரண்டுக்குக் கீழே எடுத்தவர்கள் அடுத்த வருடம் தனிப்பயிற்சிப் பிரிவுக்குப் போக வேண்டும். பிள்ளைகள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'மக்கு ரூம்'. போகிறவர்கள் திரும்பி வருவார்கள் என்று விதியில் இருக்கிறது. நான் பார்த்த வருடங்களில் ஒரே ஒருவன் திரும்பி வந்தான்.

தாள் யாருடையது என்று பெயரைப் பார்க்காமலே தெரிந்தது. எறும்பு ஊர்வது போன்ற எழுத்து. வகுப்பில் அவளுக்கு 'மியூட்' என்று பெயர். முதல் பருவம் முழுக்க வாயைத் திறக்காதவள். இந்தப் பருவத்தில்தான், அதுவும் நான் அவள் பக்கத்தில் போய்க் குனிந்தால், மூச்சுக்காற்றில் இரண்டு வார்த்தை சொல்வாள். ஏழாவது கேள்விக்கு அவள் எழுதியிருந்தாள்: 'பயந்தவன். சாட்சி: சட்டையின் மேல் பொத்தானைத் திருகிக்கொண்டே.' அதன்மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி.

நான் அந்த வரியை மூன்று முறை படித்தேன். அந்தப் பொத்தானை நான் எப்போது எழுதினேன் என்று எனக்கே நினைவில்லை. என் வீட்டுக்காரருக்கு அந்தப் பழக்கம் உண்டு. ஏழு வருடத்தில் எத்தனை மேல்பொத்தான் தைத்துக் கொடுத்திருக்கிறேன். மேல்பொத்தான்தான் அறுந்துவரும் என்று தெரியும், ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

'பி' பிரிவு வாத்தியாரிடம் தாளைக் கொண்டுபோனேன்.

"சார், இந்தப் பதிலும் சரிதானே? சாட்சியோட எழுதியிருக்கா பாருங்க."

அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "குறிப்புல என்னம்மா இருக்கு?"

"அக்கறை இல்லாதவன்னு இருக்கு."

"எழுதினது யாரு?"

"நான்தான் சார்."

"அப்ப என்கிட்ட ஏன்மா வர்றீங்க? சூரியன் மேற்கே உதிக்கும்னு குறிப்புல இருந்தா நான் மேற்குக்குத்தான் மார்க் போடுவேன். கிழக்குன்னு எழுதின புள்ள சூரியன்கிட்ட போய் முறையிடட்டும்." பிறகு கொஞ்சம் இறங்கிவந்து, "மாத்தணும்னா படிவம் இருக்கு. கேள்வி தயாரிச்சவங்க காரணம் எழுதி, மேடம் கையெழுத்துப் போடணும். வெள்ளிக்கிழமை லிஸ்ட் ஒட்டிடுவாங்க. அதுக்கு முன்னால" என்றார்.

அன்று இடைவேளையில் மியூட்டை மேசைக்குக் கூப்பிட்டேன். தப்புச் செய்தவள் போல வந்து நின்றாள். தாளைக் காட்டி, "எப்படிக் கண்ணு பயந்தவன்னு எழுதின?" என்று கேட்டேன். அவள் தரையைப் பார்த்தாள். நான் குனிந்தேன்.

"தப்பா மிஸ்?"

"தப்பில்ல. எப்படித் தெரிஞ்சுதுன்னு கேக்கறேன்."

"அக்கறை இல்லாதவன்னா பொத்தானைத் திருக மாட்டான் மிஸ். அவன் பாட்டுக்கு விளையாடப் போயிடுவான்." கொஞ்சம் யோசித்தாள். "இவன் போகவே இல்லையே. அங்கயே நிக்கறானே."

இவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. பத்து நாள் கத்திச் சொல்லிக்கொடுத்த பாடத்தை வகுப்பில் ஒரே ஒருத்தி உள்ளே வாங்கியிருக்கிறாள். அவளைத்தான் என் கையால் மக்கு ரூமுக்கு அனுப்பப்போகிறேன்.

இன்னொரு எரிச்சலும் இருந்தது. அறுபதடி லிஃப்ட் குழிக்குள் ஒரு கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வேலை செய்கிற மனுஷனைப் பயந்தவர் என்று எனக்கு எப்படித் தோன்றும்? அவர் வேலை செய்யும் இடத்தை ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டு நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்று வாரமாக நான் பத்திரமாக வைத்துக் காத்துவந்த கோபம் அது. பயந்தவர் என்று தெரிந்ததால் கோபம் குறையவில்லை. அதை எங்கே வைப்பது என்றுதான் தெரியாமல் போயிற்று.

சாயங்காலம் அவர் சாப்பிட உட்கார்ந்ததும் வினாத்தாளையும் மியூட்டின் தாளையும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"என்ன டீச்சரம்மா, எனக்கும் பரீட்சையா?"

"படிங்க."

படித்தார். ஒரு பக்கக் கதைக்கு அவ்வளவு நேரம் ஆகாது. சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

"இந்தப் பொண்ணுக்கு என்ன வயசு?"

"எட்டு."

"இதுக்கா தப்புப் போட்டிருக்காங்க?"

"என் விடைக்குறிப்பு போட்ட தப்பு."

அவர் தாளைத் திருப்பி வைத்தார். "குழாயைத் திறந்து விட்டது நான்தான்."

"தெரியும்."

"தெரியுமா? எப்பலேர்ந்து?"

"அன்னைக்கே. கைப்பிடியில கிரீஸ்."

"அப்ப ஏன் நீ சொல்லல?"

"நீங்க சொல்வீங்கன்னு."

மாடியில் நாத்தனார் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். நாற்பது வயது மனிதர். "வேற எதுவா இருந்தாலும் சொல்லியிருப்பேன். அம்மா போட்டோ அது. அக்காகிட்ட வேற என்ன இருக்கு? என்னாலதான் போச்சுன்னு எந்த வாயால சொல்றது?"

"என்னால போச்சுன்னு மட்டும் அவங்க நினைச்சுக்கலாமா?"

அவர் ஆறிப்போன சாதத்தைப் பிசைந்தார். பிறகு, "சொல்லிடறேன். நாளைக்கே சொல்லிடறேன்" என்றார். மறுநாள் நான் எழுந்திருக்கும் முன்பே வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தார். அடுத்த நாளும் அப்படியே. செருப்பு போட்டுக்கொள்ளும் சத்தம்கூட வரவில்லை.

படிவத்தில் காரணம் எழுத நாலு வரி இடம் விட்டிருந்தார்கள். 'இரண்டு விடையும் பொருந்தும்' என்று எழுதிப் பார்த்தேன். அப்படி எழுதினால் அந்தத் தம்பி பாதி அக்கறை இல்லாதவன், பாதி பயந்தவன் என்றாகிவிடும். அது உண்மை இல்லை. அச்சுப்பிழை என்று எழுதலாம், கையெழுத்து உடனே விழும். பேனாவைத் திறந்தேன், மூடினேன். சாட்சி, சாட்சி என்று பிள்ளைகள் உயிரை எடுத்தவள் நான். புதுப் படிவம் வாங்கி, ஒரே வரி எழுதினேன்.

வெள்ளிக்கிழமை இரண்டாவது மணி அடித்ததும் தலைமை ஆசிரியை அறைக்குப் போனேன். தனிப்பயிற்சிப் பட்டியல் தட்டச்சாகி மேசைமேல் கிடந்தது. ஆறு பெயர். ஐந்தாவது மியூட். நாத்தனார் படிவத்தை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சத்தமாகவே படித்தார். "காரணம்: விடைக்குறிப்பு கோபத்தில் எழுதப்பட்டது." நிமிர்ந்தார். "என்ன டீச்சர் இது?"

"உண்மை மேடம்."

"இதை ஃபைல்ல வைக்க முடியுமா? நாளைக்கு ஆய்வுக்கு வர்றவங்க சிரிக்க மாட்டாங்க?"

"சிரிக்கட்டும் மேடம். அந்தப் பொண்ணு சரியா எழுதியிருக்கா. அவளுக்கு ரெண்டு மார்க் சேரணும். சேர்ந்தா அவ அந்த லிஸ்ட்ல இல்லை."

"கதை உன்னோடது. அந்தத் தம்பி எப்படிப்பட்டவன்னு உனக்கே தெரியாதா?"

'டீச்சர்' போய் 'உன்' வந்துவிட்டதை அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

"அன்னைக்குத் தெரியல மேடம். பொத்தான் நான் யோசிச்சு எழுதினதில்லை. பார்த்தது அப்படியே கையில வந்துடுச்சு."

அவர் வினாத்தாளை எடுத்து மறுபடி படித்தார். இந்த முறை சத்தமில்லாமல். உதடு மட்டும் அசைந்தது. அக்கா என்ற சொல் வரும் இடங்களில் விரல் நின்று நின்று போயிற்று. தோழி அழுதுகொண்டு போகிற வரியில் நெடுநேரம் நின்றது. வராந்தாவில் இரண்டாம் வகுப்பு வரிசையாகத் தண்ணீர் குடிக்கப் போனது. தலைமை ஆசிரியை எட்டிப் பார்ப்பார் என்ற பயத்தில் எல்லாப் பிள்ளையும் விரலை உதட்டில் வைத்திருந்தது. அவர் எட்டிப் பார்க்கவில்லை.

"தொட்டிய உடைச்சது பூனையா?"

"கதையில பூனை."

"வீட்ல?"

அந்த அறையில், அந்த மேசையில், வீடு என்ற சொல்லை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. நான் வாயைத் திறந்தேன். 'உங்க தம்பி' என்று இரண்டு சொல். மூன்று வாரமாக நாக்கு நுனியில் இருந்த சொற்கள். என் வீட்டுக்காரரைச் சாப்பாட்டு மேசையில் அன்று கட்டிப்போட்டது எது என்று அப்போது எனக்கு லேசாகப் புரிந்தது. எதிரே இருந்தவரின் கண்கள், கண்ணாடிக்குப் பின்னால், அவ்வளவு ஆசையாக ஒரு 'பூனை'க்காகக் காத்திருந்தன. நான் பூனை என்றே சொல்லிவிட்டால் போதும், எல்லோரும் நிம்மதியாக மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகலாம்.

"நான் இல்லை அண்ணி" என்றேன். "அதுக்கு மேல நான் சொல்லக் கூடாது."

அவர் பேனாவை எடுத்துப் படிவத்தில் கையெழுத்திட்டார். பட்டியலில் ஐந்தாவது பெயரின் மேல் அளவுகோலை வைத்து, நேராக, மெதுவாக ஒரு கோடு போட்டார். வேலை முடிந்தது என்று நான் எழுந்தேன்.

"உக்காரும்மா."

உட்கார்ந்தேன். அவர் கைப்பேசியை எடுத்து ஒரு எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, பட்டியலுக்கும் படிவத்துக்கும் நடுவில் வைத்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்காமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு நொடியும், எடுத்துத் தொலைங்களேன் என்று மறு நொடியும் எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. ஆறாவது மணியில் எடுத்தார்.

"சொல்லுக்கா. வேலையில இருக்கேன்." குழிக்குள் நின்றிருக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லும் சுவரில் மோதி இரண்டாக வந்தது.

"தம்பி," என்றார் நாத்தனார். அவர் குரல் அவ்வளவு சின்னதாக நான் கேட்டதில்லை. "அன்னைக்கு மாடிக் குழாய்..."

மேலே சொல்ல அவருக்கும் வரவில்லை. அந்தப் பக்கம் ஏதோ இரும்பு உரசும் சத்தம் நின்றது. பிறகு வெறும் மூச்சு. எங்கோ இருந்த அந்த ஆழமான குழி முழுக்க நிறைந்து, இந்தச் சின்ன அறைக்குள் வந்து, போய், வந்துகொண்டிருந்தது. வாசலில் பட்டியலை வாங்கிப்போக அலுவலக ஆயா பசைக் கிண்ணத்தோடு வந்து நின்றாள். மேசைமேல் இருந்த கைப்பேசியைப் பார்த்தாள், எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள், உள்ளே வரவும் முடியாமல் போகவும் முடியாமல் நின்றாள். அவள் கையில் இருந்த பிரஷ்ஷின் நுனியில் பசை மெல்ல மெல்லத் திரண்டுகொண்டிருந்தது.